படுக்கையிலேயே திருத்தும் கதிர்வீச்சுத் திட்டம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளி சிகிச்சைப் படுக்கையில் இருக்கும்போதே கோன் பீம் சிடி (சிகிச்சை இயந்திரத்திலேயே எடுக்கும் சிடி படம்) அல்லது எம்ஆர்ஐ எடுத்து, அன்றைய உடலமைப்புக்கேற்ப உறுப்புகளை மறுபடி வரைந்து, கதிர்வீச்சுத் திட்டத்தை அங்கேயே திருத்திக் கொடுப்பதைத் தகவமைப்புச் சிகிச்சை என்கிறோம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் மருத்துவ இயற்பியல் பழகும் இளைஞர்கள், நாங்கள் இத்துறைக்குள் நுழைந்த காலத்துப் பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். நோயாளியின் பெயரையும் சிகிச்சைப் பக்கத்தையும் சரிபார்ப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை மறப்பவருக்குக் கட்டுரை உதவாது.

கணினி வரைந்ததை அப்படியே ஏற்றல்

உறுப்புகளின் எல்லைக்கோடுகளை மென்பொருளே முதலில் வரைந்து தரும். அவற்றில் இலக்கை, அதாவது கதிர் பாய வேண்டிய பகுதியை, ஒட்டியுள்ள கோடுகளைத் திருத்துங்கள். எட்டத்தில் கிடக்கும் குடல் வளையத்தை அழகுபடுத்தி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கட்டி சுருங்குவதற்கேற்ப இலக்கையும் சுருக்குதல்

தொண்டைப் புற்றுநோய்க்கு 35 அமர்வுகளில் 70 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கொடுக்கும்போது, பல கட்டிகள் வாரத்துக்கு வாரம் கரைவதைப் படத்திலேயே காணலாம். தலை, கழுத்துக் கட்டிகளைப் பற்றி 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கப் பருமனில் இடைநிலை அளவாக 1.8 சதவீதம் ஒவ்வொரு சிகிச்சை நாளும் குறைந்தது. நோயாளியின் எடை குறையக் குறைய, காதுக்குக் கீழேயுள்ள பரோட்டிட் எனும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சிறுத்து உட்பக்கமாக நகர்ந்து, உயர் கதிர் அளவு பாயும் பகுதியை நெருங்குகின்றன. திட்டத்தைத் திருத்த வேண்டிய நியாயம் இந்த நகர்வில்தான் இருக்கிறது.

குளச்சலைச் சேர்ந்த மீனவர் ஒருவருக்கு அடிநாக்கில் புற்று; கழுத்திலும் நெறி கட்டியிருந்தது. நான்காம் வாரத்தில் இரண்டும் நன்றாக வற்றிவிட்டன. திட்டத்தைத் திருத்திய பயிற்சியாளர், அன்றைய படத்தில் தெரிந்த மிச்சத்தை மட்டும் சுற்றிக் கோடு வரைய, மென்பொருள் அதற்கு வெளியே 5 மில்லிமீட்டர் சேர்த்து இலக்கை உண்டாக்கிவிட்டது. "சார், பரோட்டிட் வாங்கும் கதிர் அளவு எவ்வளவு இறங்கியிருக்கிறது, பாருங்கள்!" என்று அவர் மகிழ்ச்சியோடு காட்டினார். அளவு இறங்கியது அவருடைய திட்டத் திறமையால் அன்று. முதல் நாளில் புற்று ஊடுருவியிருந்த நாக்குத் தசையில் ஒரு பகுதியை இலக்குக்கு வெளியே தள்ளியிருந்ததால்தான். கதிர் பாயும் முன் மருத்துவர் அதைத் தடுத்துவிட்டார்.

கோடையில் குளம் உள்வாங்கினாலும் பழைய நீர்மட்டம் வரை சேற்றில் ஈரம் இருக்கும். ஊடுருவிப் பரவிய கட்டியும் அத்தகையதே. படத்தில் தெரியும் பெரும்பகுதி கரைந்தாலும், அது முன்பு இருந்த திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத செல்கள் மிஞ்சியிருக்கக்கூடும். அவற்றுக்கும் 70 கிரே முழுமையாகச் சென்றாக வேண்டும். இந்தத் தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவதற்குக் காரணம், அது முன்னேற்றத்தின் வேடத்தில் வருவதே. கதிர் அளவு வரைபடம் அழகாகிறது, அந்த அளவை வேறொரு கணக்கால் சரிபார்க்கும் சோதனையும் தேறுகிறது, எந்த எச்சரிக்கையும் ஒலிப்பதில்லை. பல மாதங்கள் கழித்து விளிம்பில் நோய் திரும்பினால், எந்த நாளின் கோடு காரணம் என்று கண்டுபிடிப்பதும் அரிது.

முதல் நாள் இலக்கை இன்றைய படத்தின்மேல் வைத்துத்தான் தொடங்க வேண்டும். கழுத்துக் கட்டி வற்றியதால் பழைய கோடு தோலுக்கு வெளியே காற்றில் நின்றால் அங்கே வெட்டலாம். நோய் தொடாத எலும்புக்குள் கோடு புகுந்திருந்தாலும் வெட்டலாம். கட்டி ஊடுருவாமல் வெறுமனே தள்ளிவைத்திருந்த தசை தன் இடத்துக்குத் திரும்பியிருந்தால், அதையும் விலக்க இடமுண்டு. தள்ளியதா, ஊடுருவியதா என்பதை முதல் நாள் படங்களையும் பரிசோதனைக் குறிப்பையும் வைத்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்; திரையின் முன் அமர்ந்திருக்கும் இயற்பியலாளர் தனியே செய்யும் முடிவு அன்று.

தளர்ந்த மாஸ்க்

நோயாளி மெலிந்து, தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் தளர்ந்துவிட்டால், திட்டத்தைத் திருத்துவது அதற்குத் தீர்வாகாது. புதிய மாஸ்க் செய்யுங்கள்.

இரண்டாம் படத்தை விடுதல்

உறுப்புகளை வரைந்து, திட்டம் கணித்து, சோதித்து முடிக்க 15 முதல் 30 நிமிடம் வரை ஆகிவிடலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயாளிக்கு அதற்குள் சிறுநீர்ப்பை நிறைந்து கருப்பையின் இருப்பே மாறக்கூடும். ஆகவே கதிரைத் திறக்கும் முன் மறுபடி ஒரு படம் எடுத்து, இலக்கு அதற்கு விட்ட ஓர இடைவெளிக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் பேருந்தை எண்ணி நோயாளி படபடக்கிறார் என்று இதைக் கைவிட்டவர்களை அறிவேன். குலசேகரம் போன்ற ஊர்களிலிருந்து வரும் பெண்கள் வழியில் சிறுநீர் கழிக்க இடமிருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை; உடல் வறண்டிருப்பதால், மருத்துவமனையில் குடித்த தண்ணீர் ஒரு நாள் தாமதமாகவும் மறுநாள் வேகமாகவும் சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்கிறது. முந்திய நாளே இதைப் பேசி, அவர்களுக்கு ஒத்துவரும் நேரத்தை ஒதுக்கினால் பாதித் தொல்லை தீரும்.

கூட்டுத்தொகையை நம்புதல்

ஒரு நாளின் படத்தை வளைத்து நீட்டி இன்னொரு நாளின் படத்தோடு உருமாற்றிப் பொருத்தும் மென்பொருள் எல்லா நாள்களின் கதிர் அளவையும் கூட்டிக் காட்டும். கரைந்துபோன திசுவுக்கு இணையான புள்ளி இன்றைய படத்தில் கிடையாது; எனவே அவ்விடத்து எண் வெறும் ஊகமே.

வீட்டாரிடம் சொல்லாமல் விடுதல்

மணவாளக்குறிச்சிக் கரையின் மோனசைட் மணலில் உள்ள தோரியத்தால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதால், கதிர் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர். "தினமும் ரெண்டு ஸ்கேனா மக்களே, கரண்டு கூடிப் போவாதா?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். கரண்டு என்று அவர் சொன்னது கதிரை; அது நியாயமான கேள்வி. ஒரு நாள் சிகிச்சை 200 சென்டிகிரே (2 கிரே) என்றால், கோன் பீம் படம் ஒன்றுக்கு ஆவது சில சென்டிகிரேவுக்குள் அடங்கும் என்பதையும், அந்தப் படம் இல்லாமல் 200-ஐயும் சரியான இடத்தில் செலுத்த முடியாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.