மாற்றுத்திறனாளி வீரர்களை வைத்து விளம்பரம் எடுக்கும் முறை

மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர் ஒருவரை வைத்து விளம்பரம் எடுக்க முனைபவர், அந்தப் படம் அவருடைய ஆட்டத்தைப் பற்றியதா அல்லது அவருடைய உடலுக்கு நேர்ந்ததைப் பற்றியதா என்பதைத் திரைக்கதை எழுதும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். எழுதி முடித்தபின் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விபத்து, மருத்துவமனைப் படுக்கை, கலங்கிய கண்களுடன் நிற்கும் தாய் ஆகிய காட்சிகளை நீக்கிவிட்டுப் படித்தால், போட்டியிட்டு வெல்ல விரும்பும் ஒரு மனிதர் மிஞ்சுகிறாரா என்று பாருங்கள். எவரும் மிஞ்சவில்லையெனில் அதைத் திருத்திப் பயனில்லை. புதிதாக எழுதுவதே நல்லது.

இந்த முடிவு எவ்வளவு கடினமானது என்பதைப் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி பாராலிம்பிக் போட்டிகளுக்காக எடுத்த விளம்பரங்களை வரிசையாகப் பார்த்தால் அறியலாம். 2012 லண்டன் போட்டிக்கான படம் வீரர்களை அதிமனிதர்கள் என்று அழைத்தது. குண்டுவெடிப்பும் கார் விபத்தும் அதில் இடம்பெற்றன. இரக்கத்துக்கு மாறாக வேகத்தையும் வலிமையையும் காட்டியதற்காக அது பாராட்டப்பட்டது. 2016-இல் அதே சொல் மீண்டும் வந்தபோது, மாற்றுத்திறனாளிகள் பலர் கேட்ட கேள்வி நியாயமானது: பதக்கம் வெல்லாமல், வேலைக்குச் சென்று திரும்பும் சாதாரண மாற்றுத்திறனாளி இந்த அளவுகோலில் எங்கே நிற்பார்? 2021-இல் நடந்த டோக்கியோ போட்டிக்கான படம் பயிற்சியின் வலியையும் அன்றாட இடையூறுகளையும் முன்னிறுத்தி, வீரரை மனிதராகக் காட்ட முயன்றது. 2024 பாரிஸ் போட்டிக்கான படமோ, ‘இந்த நிலையிலும் இவ்வளவு செய்கிறாரே’ என்று வியக்கும் பார்வையாளரையே கேள்வி கேட்டது. புவியீர்ப்பும் உராய்வும் காலமும் எந்த வீரருக்கும் சலுகை தருவதில்லை என்பதே அதன் வாதம். புதிதாக எழுதுபவர் இந்த நான்காவது படத்திலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

அந்த வியப்பில் உள்ள சிக்கலை ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் ஸ்டெல்லா யங் 2014-ஆம் ஆண்டு உரையொன்றில் தெளிவாக எடுத்துரைத்தார். ‘என் வாழ்க்கை இதைவிட மோசமாக இருந்திருக்கலாம்’ என்று பார்ப்பவர் ஆறுதல் கொள்வதற்காக மாற்றுத்திறனாளியைக் காட்சிப் பொருளாக்குவதையே அவர் எதிர்த்தார். ஆகவே வாசகத்தில் ‘இருந்தபோதிலும்’, ‘குறையை வென்று’ போன்ற தொடர்கள் வந்தால் அடித்துவிடுங்கள்; போட்டிப் பிரிவு, நேரம், தூரம் ஆகியவற்றை எழுதுங்கள்.

நடிப்பதற்கு அந்த வீரரையே அழைக்க வேண்டும். 2016-இல் வோக் என்ற ஆடையலங்கார இதழின் பிரேசில் பதிப்பு வெளியிட்ட பாராலிம்பிக் விளம்பரப் படத்தில், மாற்றுத்திறனாளிகள் அல்லாத இரு நடிகர்களின் உடல்கள் உறுப்பிழந்தவை போலக் கணினியில் மாற்றப்பட்டிருந்தன. அது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. வீரரை அழைத்தால் மட்டும் போதாது. மற்ற வீரர்களுக்குரிய ஊதியத்தை அவருக்கும் அளித்து, திரைக்கதையைப் படித்து மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். உடல்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்வதா வேண்டாமா என்பதும் அவர் முடிவே.

படப்பிடிப்பில் விளையாட்டின் நுணுக்கம் பிழைபட்டால் அதை அறிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஓட்டப் பந்தயத்துக்கான சக்கர நாற்காலி மூன்று சக்கரங்கள் கொண்டு நீண்டிருக்கும். கூடைப்பந்துக்கான நாற்காலியின் பெரிய சக்கரங்கள் கீழ்ப்புறம் அகன்று சாய்ந்திருக்கும். இரண்டும் வீட்டில் பயன்படுத்தும் நாற்காலி அல்ல. பார்வையற்றோர் கால்பந்தில் பந்து ஒலி எழுப்பும் என்பதால், ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும். அங்கே பின்னணியில் ஆரவாரத்தைச் சேர்ப்பது தவறு. வழிகாட்டியுடன் ஓடும் பார்வையற்ற வீராங்கனையின் காட்சியில், வழிகாட்டி அவருக்கு முன்பாக இறுதிக்கோட்டைக் கடக்கக் கூடாது. கேமரா அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும். செயற்கைக்காலை மட்டும் நெருக்கமாகக் காட்டி முகத்தைத் தாமதப்படுத்தும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்.

படப்பிடிப்புத் தளத்தின் சாய்தளமும் கழிப்பறையும் வீரர் வருமுன் சரிபார்க்கப்பட வேண்டியவை. முடிந்த படத்தில், காது கேளாதோருக்காக வசன வரிகளையும், பார்வையற்றோருக்காகக் காட்சியை விவரிக்கும் குரலையும் சேர்த்தபின்பே வெளியிடுங்கள்.