ஃபாயில் ஊஞ்சல்: மின்னோட்டத்தைக் காந்தம் எந்தப் பக்கம் தள்ளும்?

மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தம் தன் பக்கம் இழுக்கும் என்றுதான் முதலில் தோன்றும். இழுக்காது, விலக்கவும் செய்யாது. குறுக்கே தள்ளும். வீட்டு மிக்சியும் மதுரை செல்லூர் விசைத்தறி மோட்டாரும் சுற்றுவது இந்தக் குறுக்குத் தள்ளலால்தான். அரை மணி நேரத்தில் அதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

வேண்டியவை: சமையலறை ஃபாயில் ரோல், 1.5 வோல்ட் பெரிய டார்ச் செல் ஒன்று, குரோக்கடைல் கிளிப் வயர் இரண்டு, செங்கல் இரண்டு, 20 மி.மீ. அகலமும் 5 மி.மீ. கனமும் உள்ள வட்ட நியோடிமியம் காந்தம், பழைய ஒரு கிலோ இரும்பு எடைக்கல். வயரும் செல்லும் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கிடைக்கும். பரோட்டா பார்சல் வரும் சில்வர் கவர் மட்டும் வேண்டாம். பல கவர்களில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், கிளிப் கடித்தாலும் மின்சாரம் போகாது.

1. ஃபாயிலில் 1 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்துக்குச் சுருக்கம் விழாமல் ஒரு பட்டை வெட்டுங்கள்.

2. செங்கற்களை 20 செ.மீ. இடைவெளியில் படுக்க வையுங்கள். நடுவே 21 செ.மீ. தொங்கும்படி விட்டுப் பட்டையின் இரு முனைகளையும் செங்கல் மேல் டேப் போட்டு ஒட்டுங்கள். நடுப்பகுதி சுமார் மூன்று செ.மீ. தாழ்ந்து ஊஞ்சல்போல் நிற்கும். முனைகளை இரண்டாக மடித்துக் கிளிப்பை மாட்டுங்கள். மடிக்காவிட்டால் கிளிப்பின் பல் ஃபாயிலைக் கிழித்துவிடும்.

3. காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது. ஆடி ஓய்ந்ததும் வடக்கே பார்க்கும் முகம் வடதுருவம். அதில் பேனாவால் ஒரு புள்ளி.

4. காந்தத்தை எடைக்கல்லின் பக்கவாட்டில் ஒட்டவிட்டு, பட்டைக்கு அப்பால், ஓரத்திலிருந்து அரை செ.மீ. தள்ளி வையுங்கள். புள்ளியில்லாத தென்துருவ முகம் உங்களைப் பார்க்கட்டும். பட்டை தாழ்ந்திருக்கும் உயரத்துக்குக் காந்தத்தை நகர்த்திக்கொள்ளுங்கள்.

5. ஃபேனை நிறுத்துங்கள். இடது கிளிப்பைச் செல்லின் பிளஸ்ஸிலும் வலது கிளிப்பை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள்.

பட்டை சட்டென்று மேலே எழும்பும். வயரை மாற்றித் தொட்டால் கீழே அமுங்கும். இடக்கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டிப் பாருங்கள்: சுட்டுவிரல் காந்தப்புலம், அதாவது காந்தத்தை நோக்கி, நடுவிரல் மின்னோட்டம், வலப்பக்கம், பெருவிரல் மேலே நிற்கும். ஃபிளெமிங்கின் இடக்கை விதி இதுதான்.

விசை = புலம் × மின்னோட்டம் × புலத்துக்குள் இருக்கும் நீளம். காந்தத்திலிருந்து 1 செ.மீ. தூரத்தில் புலம் ஏறக்குறைய 0.07 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). மின்னோட்டம் 3 ஆம்பியர், நீளம் 0.02 மீட்டர் என்றால் 0.0042 நியூட்டன், சுமார் 0.4 கிராம் எடைக்குச் சமம். பட்டையின் எடையோ 0.1 கிராம்கூட இல்லை. அதனால்தான் அந்தத் துள்ளல்!

தள்ளப்படுவது உண்மையில் உள்ளே நகரும் எலக்ட்ரான்கள். இந்தப் பட்டையில் அவை நொடிக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் நகர்கின்றன, ஆனால் எண்ணிக்கை கணக்கில் அடங்காதது. பழைய டப்பா டிவியில் வெற்றிடத்தில் பாயும் எலக்ட்ரான் கற்றையைத் திரையெங்கும் திருப்பியதும் இதே விசைதான்.

பட்டை அசையவில்லையா? தொடர்புகள் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எங்கோ தொடர்பு விட்டிருக்கலாம், பெரும்பாலும் கிளிப் முனையில். தொடர்பு சரியாக இருந்தும் அசைவில்லை என்றால் காந்தம் நிற்கும் இடம் தவறு. பட்டைக்கு நேர் கீழே வைத்தால் விசை பட்டையின் அகலவாக்கில் போகும். ஃபாயில் அந்தப் பக்கம் வளைந்து கொடுக்காது, லேசாக முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். ஓரத்தைப் பார்த்து வைத்தால்தான் துள்ளும்.

இது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். இரண்டு நொடிக்கு மேல் தொடாதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி, பைக் பேட்டரி, லித்தியம் செல் கூடவே கூடாது, ஃபாயில் எரிந்து கையைச் சுடும். காந்தம் சிறு பிள்ளைகள் வாய்க்குப் போகாமல் உடனே எடுத்து வையுங்கள்.