சபைக்குள் சமாதானம் பண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபையில் இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் வந்தால், அது பெரும்பாலும் மூன்றாவது ஆளிடம்தான் முதலில் போய்ச் சேர்கிறது. அதுவும் ஜெபக் குறிப்பாக. "அந்தச் சகோதரிக்காகக் கொஞ்சம் பாரப்பட்டு ஜெபியுங்கள்" என்று ஆரம்பித்து முழுக் கதையும் வெளியே வந்துவிடும். சொன்னவர் புறங்கூறியதாக நினைக்கவே மாட்டார். கேட்டவரோ அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரியை வேறு கண்ணோடு பார்ப்பார். இதைவிட மோசம், ஜெபத்திலேயே குத்துவது. சம்பந்தப்பட்டவர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்க, "ஆண்டவரே, பெருமை பிடித்த இருதயங்களை உடைத்தருளும்" என்று குரலை உயர்த்துகிறார்கள். ஜெபத்துக்கு யாரும் எழுந்து பதில் சொல்ல முடியாது. அதனாலேயே அது அநியாயம்.

மத்தேயு 18:15–17ல் இயேசு சொன்ன வரிசை நமக்கு மனப்பாடம். முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நடைமுறையில் சபை முழுக்கத் தெரிந்த பிறகுதான் தனியாகப் பேசவே போகிறோம். சிலர் வேறு மாதிரி: "நான் சொல்லிவிட்டேன், கேட்கவில்லை" என்று அடுத்த படிக்குத் தாவுவதற்காகவே முதல் படியை முடிப்பார்கள். சகோதரனை ஆதாயப்படுத்திக்கொள்வதுதான், அதாவது அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதுதான், அந்தப் போக்கின் நோக்கம் என்று அதே வசனம் சொல்கிறது. அதனால் நேரில் போங்கள். இரவு பதினொரு மணிக்கு அனுப்பும் நீண்ட வாட்ஸ்அப் செய்தி அதற்கு ஈடாகாது. ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாடகர் குழுப் பொறுப்பை மாற்றினீர்கள், அது எனக்கு வலித்தது" என்றால் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்ல ஏதோ இருக்கிறது. "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்றால் என்ன சொல்வார்?

என்னை அதிகம் வருத்தப்படுத்துவது அவசரச் சமாதானம். திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனைக்கு) முன்னால் இருவரையும் கூப்பிட்டு, "கை கொடுங்கள், மன்னித்துவிடுங்கள், விசுவாசிகளுக்குள் இதெல்லாம் எதற்கு" என்று முடித்துவிடுகிறார்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. தவறு செய்தவர், "உங்கள் மனது புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அதில் அவர் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு அப்படிப் பேசவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). யோசேப்பும் தன்னை அடிமையாக விற்றுப்போட்ட சகோதரரைப் பார்த்த அன்றே கட்டிப்பிடித்துவிடவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தான். தம்பி பென்யமீனுக்காக அண்ணன் யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் தன்னை யாரென்று வெளிப்படுத்தினான். மன்னிப்பை உடனே கொடுத்துவிடலாம், நம்பிக்கை திரும்ப நாள் ஆகும். கணக்கில் கைவைத்தவரை மன்னித்துவிட்டோம் என்பதற்காகக் காணிக்கைப் பெட்டிச் சாவியை மறுபடி அவரிடமே கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம், எல்லாச் சண்டையும் குணக்கேட்டால் வருவதில்லை. எருசலேம் சபையில் கிரேக்கம் பேசும் விதவைகள் அன்றாட விசாரிப்பில் (தினசரி உணவுப் பங்கீட்டில்) விட்டுப்போனார்கள், முறுமுறுப்பு வந்தது (அப்போஸ்தலர் 6). அப்போஸ்தலர்கள், "முறுமுறுக்காதீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பிரசங்கம் பண்ணவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி ஏற்பாட்டையே மாற்றினார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர் என்று அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட பக்கத்தின் கையிலேயே பொறுப்பு போனது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். உங்கள் சபையில் ஒரே சண்டை வருஷா வருஷம் வந்தால், ஆட்களை விட்டுவிட்டு, கணக்கு எப்படி வாசிக்கப்படுகிறது, பொறுப்புகளை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒப்புரவானவர்கள் மறுபடி ஒரே குழுவில் ஊழியம் செய்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி ஊழியப் பயணத்தில் கூட்டிப்போவதா என்ற காரியத்தில் பவுலும் பர்னபாவும் கடுமையாக முட்டிக்கொண்டு பிரிந்து போனார்கள். பின்னாளில் அதே மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமானவன், அழைத்து வா என்று பவுல் எழுதினார் (2 தீமோத்தேயு 4:11).

கடைசியாக, தயவுசெய்து செய்யவே கூடாத தவறு ஒன்று உண்டு. அடிக்கிற கணவன், பிள்ளைகளிடம் தவறாக நடந்தவன், அதிகாரத்தை வைத்து மிரட்டுகிற போதகர், இவர்கள் விஷயத்தில் பாதிக்கப்பட்டவரிடம், "முதலில் நீ தனியாகப் போய்ப் பேசு" என்று மத்தேயு 18-ஐக் காட்டுவது. அது அவரை மறுபடி அதே கையில் ஒப்படைப்பதுதான். மூப்பர் (சபையை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்) மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்கச் சொல்லும் பவுல், பாவம் செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவும் அடுத்த வசனத்திலேயே சொல்கிறார் (1 தீமோத்தேயு 5:19–20). முதல் வசனத்தை மட்டும் வாசித்து வாயை அடைக்காதீர்கள். குற்றம் நடந்திருந்தால் காவல்துறைக்குச் சொல்லுங்கள். விசாரணை முடியும்வரை அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி வையுங்கள், பாதிக்கப்பட்டவரோடு ஒருவர் கூடவே இருக்கட்டும்.