தூரத்துப் போருக்காகச் செபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உக்ரைன், காசா, லெபனான் என்று செய்தி வந்தால் திருகோணமலைக் கத்தோலிக்கர் முதலில் கையில் எடுப்பது செபமாலையைத்தான். திருத்தந்தையரும் அதைத்தான் கேட்டார்கள். 2023 ஒக்டோபர் 27ஐயும் 2024 ஒக்டோபர் 7ஐயும் பிரான்சிஸ் நோன்பு, செப நாள்களாக அறிவித்தார். 2025 ஓகஸ்ட் 22ஐ அவருக்குப் பின் வந்த திருத்தந்தை லியோ அறிவித்தார். அழைப்பு சரி, சறுக்குவது நாம் அதை நடத்தும் விதத்தில்.

பெரிய சறுக்கல், மன்றாட்டில் கட்சி சேர்வது. திருப்பாடல்களில் வரும் இஸ்ரயேலையும் இன்றைய அரசையும் ஒன்றாக நினைத்து அதன் வெற்றிக்கு வேண்டுபவர்கள் உண்டு. மறுபக்கம் நின்று யூதர் எல்லாரையும் திட்டுபவர்களும் உண்டு. காசா நகரில் திருக்குடும்ப ஆலயம் என்ற கத்தோலிக்கப் பங்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. போர் தொடங்கியதும் நூற்றுக்கணக்கானோர் அதன் வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். பிரான்சிஸ் தம் கடைசி நாள்கள் வரை ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் அவர்களோடு தொலைபேசியில் பேசினார். 2025 ஜூலை 17இல் இஸ்ரேலிய எறிகணை அந்த ஆலயத்தைத் தாக்கி மூவர் இறந்தார்கள், பங்குத்தந்தையும் காயப்பட்டார். இன்னொரு பக்கம், 2023 ஒக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் முதியோரைப் பராமரித்துவந்த இலங்கைப் பெண் ஒருவரும் கொல்லப்பட்டார். இறந்தவர் எந்தப் பக்கமானாலும் ஒரே மன்றாட்டில் இடம் வேண்டும். ஆலய ஒலிபெருக்கியில் நாம் சொல்வதை அடுத்த வளவு முஸ்லிம் குடும்பமும் கேட்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. எழுதிய மன்றாட்டை முதல்நாளே இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அப்புறம் படங்கள். நற்கருணை ஆராதனையின் நடுவே திரை கட்டி, இரத்தமும் இடிபாடும் காட்டுவது வேண்டாம். வாட்ஸ்அப்பில் காசா என்று வருவது சில வேளை பழைய சிரியாப் படமாக இருக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிட, நம் வாங்குகளில் இருப்பவர்களை நினைக்க வேண்டும். 2006இல் நம் நாட்டுப் போரில் மூதூரிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களுக்குச் ஷெல் சத்தம் என்னவென்று திரையில் காட்டத் தேவையில்லை. ஒலிப்பதிவு வெடிச்சத்தம் போடுவது கொடுமையே. அவர்களை எழுப்பி மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்லவைப்பதும் அப்படித்தான். தாங்களே வந்தால் மட்டும் பேசட்டும்.

“எங்கட சண்டைக்கு ஆர் செபிச்சவை?” என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. “விசுவாசம் இல்லை” என்று அவர்கள் வாயை அடைப்பதுதான் தவறு. நம் ஊரில் இறந்தவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் அதே திருப்பலியில் ஒரு செபக் கருத்து வையுங்கள்.

பணம் சேர்த்த பிறகு எங்கே அனுப்புவது என்று யோசிப்பது இன்னொரு வழக்கம். பேஸ்புக்கில் கண்ட கணக்குக்கு அனுப்பாதீர்கள். புனித பூமிக்கென்று பெரிய வெள்ளிக் காணிக்கை உலகத் திருச்சபை முழுவதும் எடுக்கப்படுகிறது. மற்ற நாள்களில் பங்குத்தந்தை வழியாகத் திருச்சபையின் உதவி அமைப்பான கரித்தாஸைக் கேட்கலாம். பழைய உடுப்பு மூட்டை கட்டாதீர்கள், கப்பல் செலவுக்கே காணாது.

நோன்பு பற்றிச் சுருக்கமாக: திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை 18 வயதிலிருந்து 59 நிறையும் வரைதான். சீனி வருத்தக்காரரையும் கர்ப்பிணிகளையும் வற்புறுத்த வேண்டாம். தெருவில் மெழுகுதிரி ஊர்வலம் என்றால் பொலிசுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

கடைசியாக, போர் நடக்கும் நாடுகளில் வேலைசெய்யும் நம்மவரை விட்டுவிடுகிறோம். லெபனானில் வீட்டுவேலைக்குப் போன பெண்ணின் தாய் நம் பங்கிலேயே இருக்கலாம். அயல்வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் விசாரியுங்கள். ஆனால் வீட்டாரிடம் கேட்காமல் அந்தப் பெண்ணின் பெயரைப் பீடத்திலிருந்து வாசிக்காதீர்கள். எசமானருக்குத் தெரியாமல் வேறு வீட்டில் ஒளிந்திருப்பவராகவும் இருக்கலாம்.