சாமி கும்பிடாதவர் தேவாரம் கேட்பது எப்படி

கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனால் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் குரலெடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, இது என்ன கூத்து என்று குழம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். நம்பிக்கை உள்ளவர்களும் படிக்கலாம், பின்பாதி கொஞ்சம் உறுத்தும்.

முதலில் ஒரு பதிகத்தை, அதாவது பத்துப் பதினொரு பாட்டு சேர்ந்த ஒரு தொகுப்பை, முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் ஒன்றிரண்டு பாட்டைப் பாடிவிட்டு அடுத்த உருப்படிக்குப் போய்விடுவார்கள், அது போதாது. சம்பந்தரின் ‘தோடுடைய செவியன்’ நல்ல தொடக்கம். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதில் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம், மொத்தம் 11 பாட்டு. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார் ஒருவர் பாடிய பதிவாகப் பாருங்கள். சினிமா மெட்டில் வருவதெல்லாம் அப்புறம்.

முதல் தடவை பொருள் பார்க்க வேண்டாம். இதன் பண், அதாவது பழைய தமிழ் ராகம், நட்டபாடை, இன்றைக்குக் கம்பீரநாட்டையாகப் பாடுகிறார்கள். சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்களே, அதே ராகம். தேரையும் தீவட்டியையும் பார்த்து வளர்ந்த உடம்பு அதைக் கேட்டதும் நிமிர்ந்துகொள்ளும், நீங்கள் நாத்திகரா என்று அது விசாரிப்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் பத்துப் பாட்டிலும் இரண்டாம் அடி ‘உள்ளங்கவர் கள்வன்’ என்றும், கடைசி அடி ‘பிரமாபுரம் மேவிய பெம்மான் இவனன்றே’ என்றும் முடியும் (பிரமாபுரம் என்பது சீர்காழிதான்). நாலாவது பாட்டுக்குள் காது அந்த இடத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். பாதி உருக்கம் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டாம் தடவை உரையோடு கேளுங்கள். சம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களில் ஓர் ஒழுங்கு இருக்கும்: எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும், பத்தில் சமணரும் பௌத்தரும், பதினொன்றில் தன் பெயரும் பாடினால் கிடைக்கும் பலனும்.

இப்போது அந்தப் பத்தாம் பாட்டை மட்டும் தனியாகப் போட்டுக் கேளுங்கள். ‘புத்தரோடு பொறியில் சமணும் புறங்கூற’ என்று தொடங்கும், பொறியில் என்றால் அறிவில்லாத என்று பொருள், அதாவது சுத்தமான வசவு, ஆனால் அதே பண், அதே நடை, அதே ‘உள்ளங்கவர் கள்வன்’, காதும் முன்பு போலவே சொக்கிப் போகிறது. இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உருகிவிட்டோம், ஆகவே சொன்னது சரி என்று முடிவு கட்டக்கூடாது. சொன்னது கசக்கிறது, ஆகவே உருகியது பொய் என்றும் ஆகாது. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் பாட்டை நாசூக்காக விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏழாம் நூற்றாண்டில் அரசவையையும் ஊரையும் யார் பக்கம் இழுப்பது என்று சமயங்களுக்குள் நடந்த போட்டியின் சூடு அதில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் நாயன்மார் கதையைப் பெரியபுராணமாக எழுதும்போது அது மதுரையில் 8000 சமணர் கழுவேறிய கதையாக நிற்கிறது. அந்தக் கதைக்குச் சமகாலச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். சான்று இல்லாவிட்டாலும் அதைப் பெருமையாகச் சொல்ல ஆள் இருந்தது என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

இதில் வேடிக்கை, எட்டாம் பாட்டின் இராவணன். சிவன் இருக்கும் கயிலை மலையைத் தூக்கி, அவர் கால்விரலால் நசுக்கப்பட்டு, அழுது, கடைசியில் பாடித்தான் தப்பிக்கிறான், மன்னிப்போடு வாளும் கிடைக்கிறது. அவ்வளவு பெரிய குற்றவாளியைப் பாட்டு காப்பாற்றுகிறது, இரண்டு பாட்டு தள்ளி நிற்கும் சமணருக்கு அந்த வழி இல்லை!

அடுத்து அப்பரின் ‘மாசில் வீணையும்’ பதிகத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோது பாடியதாக மரபு. வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை, இவை போன்றது ஈசன் அடி நிழல், அவ்வளவுதான் பாட்டு. அப்பரும் சமணரை வேறு இடங்களில் திட்டியவர்தான், தானே சமணராக இருந்துவிட்டு வந்தவர் என்பதால் அந்தக் கோபத்தில் சொந்தக் கசப்பும் சேர்ந்திருக்கும். இந்த முதல் பாட்டில் மட்டும் எதிரி யாருமே இல்லை.

நேரில் கேட்க ஆசைப்பட்டால் ஓதுவார் இருக்கும் சிவன் கோயிலுக்குச் சாயங்கால பூஜைக்குப் போங்கள், தீபாராதனையை ஒட்டிப் பாடுவார். மணிச்சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் போய் நின்றால்தான் சொல் தெளிவாகக் கேட்கும். கைகூப்பச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை, திருநீறு நீட்டினால் வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம்.