சால்மனுக்கும் பாரைக்கும் ஓர் எளிய ஊறல்: தேசிக்காயைக் கடைசியில் சேருங்கள்

கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகள் சமையலுக்குப் புதியவள். அங்கே கடைகளில் சால்மன் மீன் தோலோடு, முள் நீக்கிய துண்டுகளாகக் கிடைக்கிறது. "பெரியம்மா, எங்கட வீட்டுச் சரக்கை வைச்சே இதுக்கு ஒரு ஊறல் செய்யலாமோ?" என்று அவள் கேட்டபோது, முல்லைத்தீவுக் கரையில் வாங்கும் பாரை மீனைச் சமைக்குமுன் ஊற வைக்க நான் வழமையாகப் பூசும் கலவையையே அளந்து எழுதி அனுப்பினேன். செய்து பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்விகளுக்கான விடைகளையும் சேர்த்து, மீனை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர் மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரின்னில் வரும் மீனைச் 'செமன்' என்று சொல்லி நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் அந்த ரின்களில் பெரும்பாலும் அடைத்திருப்பது கும்பிளா போன்ற வேறு மீன்களே. உண்மையான சால்மன் குளிர்ந்த வடகடல்களுக்கு உரியது. வன்னியின் கடலிலோ குளங்களிலோ அது இல்லை. அதன் சதை செம்மஞ்சள் நிறமானது. வளர்ப்புச் சால்மனில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கும் மேலாகக் கொழுப்பு இருக்கும். பாரையிலும் விராலிலும் அவ்வளவு கொழுப்புக் கிடையாது. ஆகவே எண்ணெயின் அளவும் அடுப்பில் வைக்கும் நேரமும்தான் மீனுக்கு மீன் மாறும்.

தேவையானவை

அரைக் கிலோ மீனுக்கு, அதாவது ஏறத்தாழ நான்கு துண்டுகளுக்கு, தூள் உப்பு ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, தனி மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்போது இடித்த மிளகும் பெருஞ்சீரகத்தூளும் அரைத் தேக்கரண்டி வீதம், நான்கு பல் உள்ளியும் விரல்நுனி அளவு இஞ்சியும் சேர்த்து அரைத்த விழுது, தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி (பாரை அல்லது விரால் என்றால் இரண்டு), தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி. விரும்பினால் சுரண்டிய பனங்கட்டி அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். அது துண்டின் மேற்புறத்தை நன்றாகச் சிவக்க வைக்கும். அதே காரணத்தால் விரைவில் கருகவும் செய்யும்.

தனி மிளகாய்த்தூள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் வறுத்து இடித்த எங்கள் கறித்தூள் ஏற்கெனவே ஒருமுறை சூட்டில் வெந்தது. குழம்பில் நீரோடு கொதிக்கும்போது அது மணக்கும். காய்ந்த தாச்சியில் நேராகப் படும்போது கசந்துவிடும்.

படி 1: மீனைப் பார்ப்பதும் ஈரம் துடைப்பதும்

எந்தச் சரக்கும் பழுதான மீனை நல்ல மீனாக்காது. குறிப்பாகச் சூரை, கும்பிளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகும். அது ஊற வைத்தாலும் பொரித்தாலும் அழியாது, உண்பவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அமுக்கிய இடம் உடனே மேலெழுந்து வருவதாக இருக்கும் மீனையே வாங்குங்கள். உறைந்த சால்மனை முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள்.

பிறகு துண்டுகளைச் சுத்தமான துணியால் அல்லது காகிதத்தால் ஒற்றி எடுங்கள். புதிதாகச் சமைப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஈரமான சதையில் தூள் ஒட்டாது, வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். தாச்சியிலும் அந்த நீர் வற்றும் வரைக்கும் மீன் சிவக்காமல் அவிந்துகொண்டிருக்கும்.

இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களில் பிடித்த விரால், திலாப்பியா என்றால் இதற்கு முன்னர் இன்னொரு வேலை இருக்கிறது. குளத்து மீனில் வரும் சேற்று மணத்துக்குப் பெரும்பாலும் ஜியோஸ்மின் என்னும் பொருளே காரணம். நீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன, மீன் அதைத் தோலிலும் கொழுப்பிலும் சேர்த்துக்கொள்கிறது. புளிப்புப் பட்டால் அந்தப் பொருள் சிதையும். எங்கள் அம்மாமார் பழப்புளிக் கரைசலும் உப்பும் போட்டுக் குளத்து மீனைத் தேய்த்துக் கழுவியது இதனால்தான் பலித்தது. ஐந்து நிமிடம் தேய்த்து, நன்றாக அலசி, பிறகு ஈரம் துடையுங்கள். சால்மனுக்கும் கடல் மீனுக்கும் இது தேவையில்லை.

படி 2: கலவை

பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணம் எடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பு ஊறினால் உலோகச் சுவை ஏறும். தேசிக்காயையும் உப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, தூள்களையும் விழுதையும் பனங்கட்டியையும் எண்ணெயில் குழையுங்கள். மிளகாயின் உறைப்பும் நிறமும் மஞ்சளின் நிறமும் நீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும் என்பதால், இரண்டு மூன்று நிமிடத்தில் கலவை மங்கிய செங்கல் நிறத்திலிருந்து மினுங்கும் சிவப்புக்கு மாறுவதைக் காணலாம். கரண்டியைக் கவிழ்த்தால் சட்டென்று விழாமல் மெதுவாக வழுகி விழ வேண்டும், அதுதான் பதம்.

படி 3: முதலில் உப்பு, பிறகு பூச்சு

துண்டுகளின் எல்லாப் பக்கமும் உப்பைத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். சதையின் மேல் வியர்வை போலச் சிறு துளிகள் அரும்பும். அந்த நீரை ஒற்றி எடுத்துவிட்டுக் கலவையைப் பூசி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். பாரைத் துண்டு தடிப்பாக இருந்தால் இரு பக்கமும் மெல்லிய கீறல் இரண்டு போடலாம். சால்மன் மென்மையானது, அதைக் கீற வேண்டாம். கூடுதல் நேரம் வைத்தால் சுவை ஆழமாக இறங்கும் என்று பலர் நம்புகிறார்கள். உப்பைத் தவிர மற்றச் சரக்குகள் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீற்றருக்கு அப்பால் போவதில்லை, ஆகவே இரவு முழுவதும் ஊற வைப்பதால் பெரிய பயன் ஏதும் கிடையாது.

படி 4: தேசிக்காய்

அடுப்பு மூட்டுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் தேசிக்காய்ச் சாற்றை விட்டு மெதுவாகப் பிரட்ட வேண்டும். இதைச் சொல்வதற்காகவே இவ்வளவும் எழுதினேன் என்றாலும் தவறில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கொண்டாட்டத்துக்காக மூன்று கிலோ பாரையைத் தேசிக்காயும் தூளும் பிரட்டி இரவே ஊற வைத்தேன். காலையில் துண்டுகளின் ஓரம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. தாச்சியில் இட்டுத் திருப்பியதும் துண்டு துண்டாக உதிர்ந்தது. வந்தவர்களுக்கு மீன் வறை என்று பரிமாறினேன், ஆனால் அந்த மீன் வீணானது இன்றும் மனதை உறுத்துகிறது.

நடந்தது இதுதான்: புளிப்பு, மீனின் புரதத்தை நெருப்பு மாற்றுவதைப் போலவே மாற்றுகிறது. கண்ணாடி போலத் தெளிந்திருந்த சதை வெளுத்து இறுகுகிறது, மேலும் நேரம் போனால் உள்ளிருக்கும் நீரை வெளியே விட்டுப் பொடிகிறது. ஆட்டிறைச்சிபோல மீனில் கடினமான இணைப்புத் திசு அதிகம் இல்லை, எனவே இளக வைப்பதற்கு அங்கே எதுவுமில்லை. சால்மனில் இந்த மாற்றம் கண்ணுக்கு உடனே தெரியும்: செம்மஞ்சள் விளிம்பு வெளிறிய ரோசா நிறமாகும். அதைக் கண்டவுடன் அடுப்புக்கு எடுத்துவிடுங்கள்.

படி 5: அடுப்பில்

தாச்சி நன்றாகக் காய்ந்ததும் சிறிது எண்ணெய் விட்டு, நெருப்பை நடுத்தரமாக்கி, தோற்பக்கம் கீழே படும்படி துண்டை வையுங்கள். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த சால்மன் துண்டுக்கு அந்தப் பக்கம் நான்கைந்து நிமிடமும் மறுபக்கம் இரண்டு நிமிடமும் போதும். பாரைக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். விறகடுப்பில் சமைப்பவர்கள் கொழுந்து விட்டெரியும்போது வைக்காமல், கொள்ளியைப் பின்னிழுத்துத் தணலில் வைப்பது நல்லது. சால்மனின் ஓரத்தில் தயிர்க் கட்டி போல வெள்ளையாக ஏதோ கசிந்தால் மீன் பழுது என்று பயப்பட வேண்டாம். அது மீனின் புரதம், சூடு அதிகமாகிவிட்டது என்பதற்கான அடையாளம். என் பெறாமகள் மின் போறணையில் (oven) செய்கிறாள்: 200 பாகை செல்சியஸில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம்.

கிண்ணத்தில் எஞ்சும் ஊறல் பச்சை மீனில் பட்டது. அதைப் பொரித்த மீனின் மேல் அப்படியே ஊற்றக் கூடாது. மீனை எடுத்த அதே தாச்சியில் அதை வழித்துவிட்டு, அரைக் கோப்பை தேங்காய்ப் பாலும் கறிவேப்பிலையும் சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்தால், பிட்டுக்குக் குழைத்துச் சாப்பிட ஒரு சிறிய சொதியாகிவிடும்.