கவிதையை எடைபோட ஒரு பழைய அளவுகோல்

கவிதை எழுதி முடித்ததும் நன்றாக இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது எனத் தவிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நன்னூல் என்ற பழைய இலக்கண நூலை எடுத்து, அதன் பாயிரத்தில், அதாவது முன்னுரைப் பகுதியில், பவணந்தி முனிவர் சொல்லும் 10 குற்றங்களைப் படியுங்கள். பொதுவாக நூல்களுக்காகச் சொன்னவைதான், ஆனாலும் கவிதைக்கு அப்படியே பொருந்துகின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம், மூன்று போதும். முதலில் 'கூறியது கூறல்', அதாவது ஒரே உணர்வை வேறு வேறு சொற்களில் திரும்பச் சொல்லியிருக்கிறோமா என்று பார்த்து, இருந்தால் வலுவான வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். அப்புறம் 'மிகைபடக் கூறல்', அதாவது தேவைக்கு மேல் சொல்வது; அடைமொழிகளை எடுத்தாலே பாதி சரியாகிவிடும். மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: 'சென்று தேய்ந்து இறுதல்'. அருமையாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, கடைசியில் கவிஞரே வந்து விளக்கம் சொல்லி முடிக்கிற கவிதைகள் எத்தனை! கடைசி இரண்டு வரிகளை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் அவை இல்லாமலேயே கவிதை நிற்கும்.

திருக்குறளின் இரண்டடி வடிவமான குறள் வெண்பாவுக்கு மொத்தமே 7 சீர்கள். அதற்குள் ஒரு முழு எண்ணத்தை அடக்கிப் பழகுவது, மரபில் எழுதாதவர்களுக்கும் நல்ல பயிற்சி. வாய்விட்டுப் படிப்பதையும் விடாதீர்கள், கண்ணுக்குத் தப்பிய ஓசைக் குறை காதில் உடனே மாட்டும். பாராட்டு எண்ணிக்கையை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் கழித்து நீங்களே படிக்கும்போது எந்த வரி இடறுகிறதோ, திருத்த வேண்டியது அதைத்தான்.